அண்ணையின் கையில் ராசனின் கையுறை

எல்லோரும் சமைக்கும் குசினிக் கதவில் இந்தத் தாளை ஒட்டுமுன் ஒப்புக்கொள்கிறேன்: இன்று எங்கள் அகதி விடுதி முற்றத்து ஹொக்கியில் முதல் பந்தை அடிக்கப் போய், பனிக்கட்டியில் வழுக்கி, காற்சட்டை கிழியக் குந்தியவன் நான்தான். ஜன்னலில் நின்று கைதட்டியது என் மகள்.

கூட்டுகிற தும்புத்தடிதான் எங்களுக்கு மட்டை. குளிரில் மீசை விறைத்தது.

எங்களில் மூத்த அண்ணை ஒருவர் கையுறையில்லாமல் வந்து நடுங்கினார். போன கிழமை வந்து சேர்ந்த ராசன் தன்னுடையதைக் கழற்றி நீட்டினார்.

"போடுங்கோ அண்ணை, நான் கோலிலைதானே நிக்கிறன். கையைப் பொக்கற்றுக்குள்ளை வைப்பன்."

"அப்ப நாங்கள் வெண்ட மாதிரித்தான்!" என்று அண்ணை சிரித்தபடி போட்டுக்கொண்டார்.

கொஞ்ச நேரத்தில், "தேத்தண்ணி எங்கையடா?" என்று கத்தியவரும் அவரே. பிளாஸ்க் வந்தது, குவளை ஒன்றுதான். ராசன் குடித்துவிட்டு, மறுபடி ஊற்றி அண்ணையிடம் நீட்டினார்.

"தம்பி ஊரிலை எந்தப் பக்கம்?"

ராசன் சொன்னார்.

"ஆற்றை மகன்?"

தகப்பன் பெயரையும் சொன்னார். சாதி அறியக் கேட்கும் கேள்வி அதென்று எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

"எனக்கு இப்ப தேத்தண்ணி வேண்டாம்" என்றார் அண்ணை.

ராசன் தேநீரைக் கீழே கொட்டிவிட்டுக் குவளையைப் பனியால் தேய்த்துக் கழுவினார். எல்லோரையும் போல நானும் குனிந்து பந்தைத் தேடினேன். பந்து என் காலடியிலேயே கிடந்தது.

கீழே இடம் விட்டிருக்கிறேன், விரும்பியவர்கள் எழுதலாம். அங்கே என் வாயில் வராததை நான் முதலில் எழுதுகிறேன்:

"அண்ணை, அந்தக் கையுறையைக் கழட்டிக் குடுங்கோவன்."