வெளிப்பக்கம் மடித்த இலை

நேற்று ஆயர் குரோவில் ஒரு சாப்பாட்டுக் கடையில் பக்கத்து மேசைக்காரர், தெரியாமலோ என்னவோ, இலையை வெளிப்பக்கமாக மடித்தார். எனக்குச் சோறு இறங்கவில்லை.

என் சின்ன வயதில், நாட்டுக்குச் சுதந்திரம் வந்த மெர்டேக்கா அன்று காஜா பெராங்கில், அம்மா தன் கடையில் எல்லாருக்கும் இலவசமாகச் சோறு போட்டாள். ஏலக்காய் வாசம் தெருவரை வீசியது. ரப்பர் தோட்டத்திலிருந்து நடந்தே வந்த ஒருவரின் இலையில், "நல்ல நாளு, சாப்பிடுங்கண்ணே" என்று மறுபடி மறுபடி பாயசம் ஊற்றினாள். அவர் சொட்டு விடாமல் வழித்துச் சாப்பிட்டார். பிறகு, சாவு வீட்டில் மடிப்பதுபோல் இலையை வெளிப்பக்கமாக மடித்தார்.

அம்மாவின் கரண்டி அப்படியே நின்றது. "யாருண்ணே?"

"மகன்மா. நேத்துதான் எடுத்தோம்."

"பாயசம் வேணாம்னு சொல்லியிருக்கலாமே!"

"சும்மா போடுற சோத்துல எப்படிம்மா வேணாங்கறது?"

அதன் பிறகு, காசு கொடுக்க முடியாதவர்களிடம்தான் அம்மா முதலில் கேட்பாள், என்ன வைக்கட்டும் என்று.