சொம்புக்குள் ஆறு பெயர்கள்

ஒவ்வொரு வருஷமும் மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை எனக்கு வயிறு சரியில்லாமல் போய்விடுகிறது. ஐம்பத்தெட்டு வயதுக்காரன், ஒரு பால்பண்ணை ஆய்வுக்கூடத்தில் மற்றவர்களின் தவறுகளைக் கண்டுபிடிப்பதற்காகச் சம்பளம் வாங்குகிறவன், காலை ஏழு மணிக்கு மேலாளரைக் கூப்பிட்டு, குரலை நோயாளியின் குரலாகத் தாழ்த்தி, சிக் லீவு சொல்கிறேன். உண்மைக் காரணம் இதுதான்: அமெரிக்காவில் ஞாயிறு மாலை கொடுக்கிற சினிமா விருதுகள் நியூசிலாந்துக்கு வந்துசேரும்போது திங்கள் மத்தியானம் ஆகிவிடுகிறது. விருதுக்கு நிற்கிற படங்களில் பத்துக்கு எட்டை நான் பார்த்ததில்லை. பார்க்கிற உத்தேசமும் இல்லை. யாருக்குக் கிடைக்கும் என்று முன்கூட்டியே எழுதி வைத்துவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. பதினொரு வருஷமாக எழுதுகிறேன். ஆறில் மூன்றைத் தாண்டியதில்லை.

என் மேலாளர் கிரெய்க் நல்ல மனிதர், கணக்கும் தெரிந்தவர். போன வருஷம் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “மார்ச் மாதத்தில் ஒரு திங்கட்கிழமை. ஒவ்வொரு வருஷமும். உங்கள் கலாசாரத்தில் இது ஏதாவது விரத நாளா?” என்று மிகுந்த மரியாதையுடன் கேட்டார். யோசித்துப் பார்த்தேன். பொய் என்றும் சொல்ல முடியவில்லை. ஆமாம் என்று தலையாட்டினேன். இங்கே தலையாட்டினால் ஆமாம் என்று மட்டும்தான் பொருள் என்பதால் விஷயம் உறுதியாகிவிட்டது. அன்று நான் சாப்பிடுவேனா மாட்டேனா என்று மட்டும் கேட்டுவிட்டு நாட்காட்டியில் குறித்துக்கொண்டார்.

விரதத்துக்குத் துணை, பக்கத்து வீட்டு மார்கரெட். எழுபத்து மூன்று வயது, கணவர் இல்லை. சீஸ் போட்ட ஸ்கோன் ரொட்டி சுட்டுத் துணியில் சுற்றிக்கொண்டு வருவார். என் மனைவி வேலைக்குப் போயிருப்பாள். இந்தக் கூத்தில் அவளுக்குப் பங்கில்லை. ஆறு பிரிவு, ஆளுக்கு ஒரு துண்டுச் சீட்டு. மடித்துப் பித்தளைச் சொம்பில் போட வேண்டும், எல்லாம் முடிந்த பிறகுதான் பிரிக்க வேண்டும். இந்தச் சொம்பு டிவியின் மேல் இருக்க வேண்டியது. ஆனால் இப்போதைய டிவிகளுக்கு மேல்பக்கம் என்று ஒன்று கிடையாது. ஆகவே எதிரே ஒரு ஸ்டூல் போட்டு அதன்மேல் வைப்பேன். முதல் வருஷம் இதைப் பார்த்த மார்கரெட் குரலைத் தாழ்த்திக்கொண்டு, “நான் எழுந்து நிற்க வேண்டுமா?” என்று கேட்டார்.

அவருக்கு இன்றுவரை புரியாதது வேறொன்று. “அந்தப் படம் உங்களுக்குப் பிடித்திருந்ததா?” என்பார். பார்க்கவில்லை என்பேன். “பிறகு எப்படி எழுதினீர்கள்?” அந்த இயக்குநர் நான்கு தடவை தோற்றிருக்கிறார், வயதாகிவிட்டது, இந்தத் தடவை விட்டால் நன்றாக இருக்காது என்று விருதுக் குழு நினைக்கும் என்று விளக்குவேன். “யாருக்கு இடம் கொடுப்பது என்பதுபோல் பேசுகிறீர்களே,” என்றார் ஒரு தடவை. அவர் விளையாட்டாகத்தான் சொன்னார். நான் அன்று கையில் எடுத்த ஸ்கோனைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

ஏனென்றால் எங்கள் வீட்டில் இந்த விளையாட்டு ஒரு இடத்துக்காகத்தான் ஒரே ஒரு தடவை நடந்தது. எங்கள் ஊர் கள்ளக்குறிச்சியில், இட ஒதுக்கீடு கேட்டுச் சாலைகளில் மரங்களை வெட்டிப் போட்டிருந்த வாரம் அது. புளியமரங்கள். தியாகதுருகம் போகிற சாலை நெடுக, தலைமுறைகளாக நிழல் கொடுத்தவை குறுக்கே கிடந்தன. பஸ் இல்லை, தபால் இல்லை, செய்தித்தாள் இல்லை. சில ஊர்களில் போலீஸ் சுட்டது என்றார்கள். சில ஊர்களில் கூலிக்காரர்களின் குடிசைகள் எரிந்தன என்றார்கள். எது எந்த ஊர் என்று உறுதியாகச் சொல்ல ஆளில்லை. அப்படி ஒரு வாரத்தில் நாங்கள் உட்கார்ந்து நடிகர்களுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தோம் என்று எழுத இப்போது கூச்சமாக இருக்கிறது. அப்போது இருக்கவில்லை.

அப்பா சர்க்கரை ஆலையில் கரும்பு எடை போடுகிறவர். டிராக்டர் வராததால் மூன்று நாளாக வீட்டில் இருந்தார். போராட்டம் எங்கள் ஜனங்களுக்கானது. “நம்ம புள்ளைங்க படிக்க எடம் வாணாமா?” என்று தெருவில் நின்று உரக்கப் பேசுவார். உள்ளே, சாமி படத்துக்குப் பின்னால், சென்னையிலிருந்து வந்த ஒரு கடிதம் செருகியிருந்தது. என் அக்கா வசந்தாவுக்கு நர்ஸ் படிப்பில் இடம் கிடைத்திருந்தது. அதோடு வந்த ஒப்புதல் படிவத்தின் கடைசியில் தகப்பனார் கையெழுத்துப் போட்டு அனுப்ப வேண்டும். பத்து நாளாக அப்பாவின் பேனாவில் மை இல்லை.

“ரோடு தொறக்கட்டும், பாக்கலாம்,” என்றார் அன்றும்.

அக்கா முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. “ரோட்ல எடம் வேணும் எடம் வேணும்னு மரத்த வெட்டிக்கினு கீறாங்க. வூட்டுக்கு வந்த எடத்த நீ வாணாங்கற. அந்த மரம் இன்னாத்துக்குப்பா வியிந்துச்சு?”

அம்மா சமையற்கட்டில் பாத்திரம் கழுவுவதை நிறுத்திவிட்டாள். அப்பா கோபப்படுவார் என்று நினைத்தேன். சிரித்தார். அது அதைவிட மோசம்.

“மெட்ராஸ்ல ஒண்டியா இருந்துடுவியா நீ? உலகம் தெரியுமா ஒனக்கு? நாளிக்கி டிவில சினிமா அவார்டு போடறான். யாராருக்குன்னு சொல்லு பாப்போம்.”

அப்பாவுக்கு உலகம் என்றால் சினிமா. ஒரு படம் எத்தனை நாள் ஓடும் என்று முதல் நாளே சொல்லிவிடுவார். பெரும்பாலும் தப்பாகத்தான் சொல்வார், ஆனால் உறுதியாகச் சொல்வார்.

“ஒன்ன வுட ஜாஸ்தி சொன்னா கையெயுத்து போடுவியா?”

“போடறேன்.”

“அம்மா, நீ சாட்சி,” என்றாள் அக்கா, முறத்தைத் தட்டிக்கொண்டே.

அந்த விருது விழா சென்னையில் இரண்டு நாள் முன்னாலேயே நடந்துவிட்டது. டிவியில் ஞாயிறு சாயங்காலப் படத்துக்குப் பதிலாக அதைப் போடப் போகிறார்கள். மற்ற ஊர்களில் எல்லாரும் முடிவைச் செய்தித்தாளில் படித்துத் தெரிந்துகொண்டிருப்பார்கள். தமிழ்நாட்டிலேயே எங்கள் பக்கத்தில்தான் சாலையில் மரம் கிடந்த புண்ணியத்தில் ரகசியம் ரகசியமாகவே இருந்தது. இந்த இடத்தில்தான் நான் நுழைகிறேன். எனக்கு இருபது வயது. பட்டம் வாங்கிவிட்டுச் சும்மா இருந்தேன். சும்மா இருப்பவர்களிலேயே அதிகம் படித்தவன் என்ற கர்வம் இருந்தது. மறுநாள் காலை சைக்கிளை எடுத்துக்கொண்டு தியாகதுருகத்துக்குக் கிளம்பினேன். பாதித் தூரம் நான் சைக்கிள்மேல் போனேன், மீதித் தூரம் சைக்கிள் என் மேல் வந்தது. ஒவ்வொரு மரத்தையும் அதைத் தோளில் தூக்கிக்கொண்டுதான் தாண்ட வேண்டும். கிளைகளில் புளியம்பிஞ்சு அப்படியே இருந்தது. ஒன்றைக் கடித்துத் துப்பினேன்.

தியாகதுருகத்திலும் செய்தித்தாள் வரவில்லை. ஆனால் டீக்கடையில் ஒரு மசால்வடை வாங்கினேன். அது சுற்றியிருந்த தாளில், எண்ணெய்க் கறைக்கு நடுவே, அந்த விருது பற்றிய பட்டியல். சிறந்த படம் இது, நடிகர் இவர், நடிகை இவர் என்று ஆறும் வரிசையாக. தாள் ஏது என்று கேட்டேன். வழியில் மாட்டிக்கொண்ட லாரிக்காரர் கொடுத்த கட்டு என்றார்கள். வடையை அங்கேயே வைத்துவிட்டுத் தாளோடு திரும்பினேன். பெயர்களை ஒரு சீட்டில் எழுதி, அக்காவின் பாட்டுப் புத்தகத்துக்குள் வைத்துக் கொடுத்து, “இத அப்டியே எழுது. கேள்வி கேக்காத,” என்று கிசுகிசுத்தேன். அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். நன்றி என்று எடுத்துக்கொண்டேன்.

சாயங்காலம் ஆண்டெனாவைத் திருப்பும் பதவி எனக்கு. மொட்டைமாடியில் நின்று குழாயைப் பிடித்துத் திருப்பினால் கீழே அப்பா, “இன்னும்… இன்னும்… அய்யோ போச்சி!” என்பார். சென்னையிலிருந்து எங்கள் ஊருக்கு வருவதற்குள் எல்லா நட்சத்திரங்களும் மழையில் நனைந்து, ஒருவருக்கு இருவராகத்தான் வந்துசேர்வார்கள். மேற்கே கல்வராயன் மலை நீலமாகக் கிடந்தது. சாலைப் பக்கம் ஒரு ஹாரன் சத்தம்கூட இல்லை. குழாயைக் கயிற்றால் கட்டிவிட்டு இறங்கி வந்தபோது, டிவி மேலே சொம்பில் இரண்டு சீட்டுகளும் விழுந்திருந்தன. அக்கா சுவரில் சாய்ந்து, விரல்களைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

சிறந்த படம், என் பட்டியல்படியே வந்தது. நான் அக்காவைப் பார்த்துக் கண் சிமிட்டினேன். அவள் பார்க்கவில்லை. அடுத்தது இயக்குநர். வேறு யாரோ. நடிகர், வேறு யாரோ. நடிகை, வேறு யாரோ. சட்டைப் பையைத் தடவினேன், தாள் அங்கேதான் இருந்தது. இசை மட்டும் சரியாக வந்தது. நகைச்சுவைக்கு வேறு ஒருவர். ஆறில் இரண்டு. அப்பா சீட்டுகளைப் பிரித்து, கண்ணாடியை மூக்கில் இறக்கி, கரும்பு எடை சொல்லும் அதே குரலில், “எனக்கு மூணு. ஒனக்கு ரெண்டு,” என்றார். அக்கா தன் சீட்டைக் கேட்டு வாங்கி, எழுந்து போய் அடுப்பில் போட்டாள். அழவில்லை. அரிசி ஊற வைத்திருந்ததை எடுத்து ஆட்டப் போனாள்.

சட்டைப் பையில் இருந்த அந்த எண்ணெய்த் தாளை அப்போதுதான் ஒழுங்காகப் பார்த்தேன். மேல்பக்கம் கிழிந்த இடத்தில் பாதி எழுத்துகள் ஒட்டிக்கொண்டிருந்தன. கூட்டிப் படித்தால், ‘நம் சினிமா நிருபரின் கணிப்பு’ என்று இருந்தது. விழாவுக்கு முன்னால் வந்த தாள். யாரோ ஒருவன் என்னைப் போலவே உட்கார்ந்து ஊகித்தது. அச்சில் வந்தால் உண்மை என்று நம்புகிற வியாதி எங்கள் பரம்பரையில் கிடையாது. நானே கஷ்டப்பட்டுப் படித்துச் சம்பாதித்தது.

அந்த ஞாயிறுக்கு நான்காம் நாள் மரங்களை இழுத்துப் போட்டார்கள். சாலை திறந்தது. கடிதம் சாமி படத்துக்குப் பின்னாலேயே இருந்தது. அடுத்த வருஷம் அக்காவை எலவனாசூர்கோட்டையில் கட்டிக்கொடுத்தார்கள். சில வருஷம் கழித்து நான் மேல்படிப்புக்கு வெளிநாடு போக விண்ணப்பத்தை நீட்டியபோது, அப்பா எந்த நாடு என்றுகூடக் கேட்காமல் கையெழுத்துப் போட்டார். பேனாவில் மை நன்றாக வந்தது. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும்: அந்த ஞாயிறுக்குப் பிறகு, டிவியில் விருது விழா என்றால் அப்பா எழுந்து வெளியே போய்விடுவார். 

இங்கே வீடு வாங்கும்போது தரகர் பல வீடுகளைக் காட்டினார். கடல் தெரிகிற வீடு, பள்ளிக்கூடம் பக்கத்து வீடு. மேற்கே மலை இருக்கிற இந்த வீட்டை நான் எடுத்தேன். காரணம் கேட்டதற்கு வெளிச்சம் நன்றாக இருக்கிறது என்றேன். சமையலறை ஜன்னலில் நின்றால் அந்த நீலக் கோடு ஏறக்குறைய அதே வளைவில் தெரியும். புள்ளி புள்ளியாக ஆடுகள் மேயும்; அவற்றை மட்டும் பார்க்காமல் விட்டுவிட்டால் போதும். மார்கரெட் அந்த மலைக்கு ஒரு பெயர் சொல்வார். நான் வேறு பெயர் சொல்லிக் கூப்பிடுகிறேன். இருபது வருஷமாக இரண்டு பெயருக்கும் அது திரும்பிப் பார்த்ததில்லை.

இந்த வருஷம் விழா முடிந்து, சொம்பைக் கவிழ்த்து, மார்கரெட் நான்கு சரியாகச் சொல்லி ஜெயித்து, தனக்குப் பிடித்ததைத்தான் எழுதியதாக மன்னிப்புக் கேட்கும் குரலில் சொல்லிவிட்டுப் போன பிறகு, அக்காவைக் கூப்பிட்டேன். அங்கே காலை பத்து மணி.

“இன்னாடா இந்நேரத்துக்கு? யாருக்கு இன்னா?”

“யாருக்கும் ஒண்ணுமில்லக்கா. நீ இன்னா பண்ற?”

“மாட்டுக்குத் தண்ணி காட்டிக்கினு இருக்கேன். இன்னிக்கி மல நல்லா தெரியுது. வெயிலு அதும்மேல வியிது.”

என் ஜன்னலில் வெயில் மலைக்கு அந்தப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. சொல்லிவிட்டேன். மரம் வெட்டிப் போட்ட வாரம், வடை சுற்றின தாள், கிழிந்த தலைப்பு எல்லாவற்றையும். என் சீட்டை நம்பித்தான் நீ தோற்றாய், இத்தனை வருஷமாக இதைச் சொல்ல வாய் வரவில்லை என்றேன். மாடு தண்ணீர் உறிஞ்சுகிற சத்தம் கேட்டது.

“எந்த சீட்டு? ஓ, அதுவா! அத நான் எங்க எயுதுனேன்? காப்பியடிச்சி வாங்குன கையெயுத்த வச்சிக்கினு மெட்ராஸ் போவச் சொல்றியா? நானே ரோசன பண்ணி எயுதுனேன். ரெண்டு வந்துச்சி.”

“எனக்கும் ரெண்டுதானக்கா வந்துச்சி.”

“தெரியும். ஒன்னுது படமும் பாட்டும். என்னுது நடிகையும் காமெடியும். சேத்து எயுதியிருந்தா நாலு. அப்பாவுக்கு மூணுதான்.”

தடுமாறாமல் சொன்னாள். பல தடவை தனக்குத்தானே சொல்லிப் பார்த்ததுபோல் இருந்தது அந்த வேகம். முப்பத்தைந்து வருஷத்துக்கு மேலாக நான் சுமந்த குற்றவுணர்ச்சி என்னுடையதே இல்லை என்று தெரிந்தபோது நிம்மதி வரவில்லை. கையில் இருந்த சொம்பை எங்கே வைப்பது என்று தெரியாமல் ஜன்னல் பக்கம் நின்றேன்.

“அது போவட்டும்,” என்றாள் அக்கா. “இந்த வருசம் ஒனக்கு எத்தினி?”

“ரெண்டுக்கா.”

“அவ்ளோ தூரம் போயும் ரெண்டுதானா?”