கண்ணாடிக்கு வைத்த பொட்டு

யுத்த காலம். ஆவடியில் பட்டாளத்து முகாம் எழும்பிக்கொண்டிருந்தது. குத்தம்பாக்கத்தில் அடுத்தவர் நிலத்தில் ஏர் ஓட்டிக்கொண்டிருந்த எனக்கு, முகாம் குடோனில் வேலை பார்த்த அக்கா புருஷன் ஓர் இடம் பிடித்து வைத்திருந்தார். "மலேரியா இல்லேன்னு நாளிக்கி சீட்டு எடுத்துகினு வா மச்சான். இல்லாங்காட்டி வேற ஆளு ரெடியா கீறான்" என்றார்.

சீட்டு தர வேண்டியவர் பூந்தமல்லி ரோட்டு டிஸ்பென்சரி டாக்டர். நான் அன்றைக்கே போனேன். ஆயுத பூஜைக்கு மறுநாள் அது. தராசு, கத்தரி எல்லாம் பொட்டோடு இருந்தன. மைக்ராஸ்கோப்புக்கு அரளி மாலையே விழுந்திருந்தது. வெயில் மண்டையைப் பிளந்தது. டாக்டர் மட்டும் கழுத்தில் மப்ளர் சுற்றியிருந்தார்.

என் விரலில் குத்தி, ரத்தத்தைக் கண்ணாடிச் சில்லில் இழுத்து, சாயம் ஊற்றிக் காய வைத்தார். மைக்ராஸ்கோப்புக்கு வெயில்தான் விளக்கு. அடியில் இருந்த குட்டிக் கண்ணாடியை ஜன்னல் பக்கம் திருப்பினால் வெளிச்சம் ரத்தத்தின் வழியே மேலே ஏறும். இரண்டு லென்சுகள் சேர்ந்து அதைப் பெரிதாக்கிக் காட்டும்.

"முத்தின மலேரியா. நீயே பாரு" என்றார்.

பார்த்தேன். அப்பளம் பரப்பின மாதிரி வட்ட வட்டமாக என் ரத்தம். மேலே அங்கங்கே கருப்புப் புள்ளி.

"எனக்கு ஜுரமே வந்ததில்லீங்க."

"உனக்குத் தெரியாது. இதுக்குத் தெரியும்."

மாலை போட்ட ஒரு பித்தளைக் குழாய் என்னைத் திரும்ப ஏருக்கே துரத்துகிறதே! நான் நகரவில்லை. என்னைக் கிளப்புவதற்காக டாக்டர் தன் விரலிலேயே குத்திக்கொண்டார். "நல்ல ரத்தம் எப்படி இருக்கும்னு காட்டறேன்."

தன் ரத்தத்தைப் பார்த்தவர் நிமிர்ந்ததும் நான் கண்ணை வைத்தேன். அதே கருப்புப் புள்ளிகள். சில்லை நகர்த்தினார். வட்டங்கள் நகர்ந்தன, புள்ளிகள் குத்துக்கல் மாதிரி நின்றன. கண் வைக்கும் லென்சைத் திருகினார். புள்ளிகள் அதோடு சேர்ந்து சுற்றின. கம்பவுண்டரைக் கூப்பிட்டார்.

"நேத்து இதை என்ன பண்ணினே?"

"நீங்கதான சார் பூஜைய நல்லா பண்ணச் சொன்னீங்கோ? கண்ணைக் கயட்டித் தொடச்சி, மேலயும் கீயயும் குங்குமம் வச்சேன்."

லென்சில் உதிர்ந்திருந்த குங்குமத் தூளைத் துடைத்த பிறகு என் ரத்தத்தில் ஒன்றுமில்லை. விட்ட மானத்தைப் பிடிக்கத் தன்னுடையதையும் மறுபடி வைத்துப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவர் விலகியதும் நானும் பார்த்தேன். புள்ளிகள் போய்விட்டிருந்தன. சில வட்டங்களுக்குள் சின்னச் சின்ன மோதிரம் மட்டும் இருந்தது.

"மலேரியாவுக்குக் கொயினா எடு" என்றார் கம்பவுண்டரிடம்.

"அந்த ஆளுக்குத்தான் ஒண்ணும் இல்லியே சார்?"

டாக்டர் மப்ளரை இறுக்கிக்கொண்டு தன் கையை நீட்டினார். அந்தக் கையாலேயே எனக்குச் சீட்டும் எழுதித் தந்தார்.

மறுநாள் ஆவடியில் சீட்டை வாங்கிய குமாஸ்தா, கோணல்மாணலான கையெழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இன்னாய்யா, டாக்டருக்கே ஜுரமா?"

"இல்லீங்க, அவருக்கு நல்ல ரத்தம்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனேன்.