லோத்தின் மனைவியோடு எனக்கிருந்த சண்டை

ஆண்டவருக்குள் அன்பான அக்கா தங்கச்சிமாரே, நான் உயிரோடு நிற்பதே அவர் கிருபை. ஆனால் முதலில் ஒரு சண்டையைச் சொல்ல வேண்டும். எரிகிற ஊரைவிட்டு ஓடும்போது, திரும்பிப் பார்க்காதே என்ற சொல்லை மீறி லோத்தின் மனைவி திரும்பிப் பார்த்து உப்புத்தூண் ஆனாள் என்று பிரசங்கத்தில் கேட்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். சொந்த வீடு எரியும்போது பார்க்காமல் போக அவள் என்ன கல்லா? போதகரிடமே கேட்டிருக்கிறேன்.

போன தீபாவளி சீசன். எம். புதுப்பட்டிப் பக்கம் ஒரு பட்டாசுக் கம்பெனியில் நானும் என் வீட்டுக்காரரும் வேலை பார்த்தோம். எனக்குத் திரி வைக்கிற அறை. அவருக்கு மேற்கே, மருந்து கலக்கிற அறை. ஆர்டர் குவிந்ததால் சரக்கை மரத்தடியில்கூடக் காயப்போட்டிருந்தார்கள். மத்தியானம் மேற்கே படாரென்றது. தரையே தூக்கிப் போட்டது.

"ஓடுங்க தாயி! யாரும் திரும்பாதீக!" என்று போர்மேன் கத்தினார். முதல் வெடிக்குத் தப்பினவர்கள் ஆளைத் தேடியோ, காயப்போட்ட சரக்கை அள்ளவோ திரும்பிப் போய் அடுத்த வெடியில் சிக்கிய கதை எங்கள் பக்கம் நிறைய உண்டு. எனக்கும் தெரியும். ஆனாலும் புகை வந்தது அவர் அறைப் பக்கம். வாசலில் கழற்றிப் போட்ட செருப்பை எடுக்காமல் கருவேல முள்ளில் ஓடுகிறேன், கழுத்து பின்னால் இழுக்கிறது. அப்போது அவள் ஞாபகம் வந்தாள், அந்த லோத்தின் மனைவி. அழுதுகொண்டே கத்தினேன்: "ஆண்டவரே, நான் திரும்பல. நீர் திரும்பி அவரைப் பாரும்!"

வேலியைத் தாண்டி விழுந்தேன். பின்னால் அடுத்த வெடி. என் அறை தரைமட்டமாகிவிட்டது.

ரோட்டோரம் உட்கார்ந்திருந்தேன். கரி அப்பிய முகத்தோடு ஒருவர் முன்னால் வந்து நின்றார். குரலை வைத்துத்தான் என் வீட்டுக்காரர் என்று தெரிந்தது. தண்ணீர் குடிக்க வெளியே வந்த நேரத்தில் வெடித்திருக்கிறது. உடனே என்னைத் தேடி என் அறைக்கு ஓடி வந்திருக்கிறார்.

"பாதி தூரம் வந்துட்டேன் புள்ள. நீ முள்ளுக்குள்ள ஓடுறது தெரிஞ்சுச்சு. உன் முதுகைப் பாத்த பொறகுதான் நானும் வடக்கு வேலியப் பாத்து ஓடுனேன். நீ திரும்பி வந்திருந்தா உன்னப் பிடிக்க அங்கனதான் வந்திருப்பேன்" என்றார். பிறகு அழுகையும் சிரிப்புமாக, "பொண்டாட்டி விட்டுட்டு ஓடுறதப் பாத்து சந்தோசப்பட்டவன் நான் ஒருத்தன்தான்" என்றார்.

அன்றைக்கு வேலைக்கு வந்தவர்களில் சிலர் வீடு திரும்பவில்லை. அதனால் இதைப் பெருமையாகச் சொல்ல மாட்டேன். அந்த வேலையை விட்டுவிட்டு இப்போது அச்சாபீஸுக்குப் போகிறோம். லோத்தின் மனைவியோடு இருந்த சண்டையும் தீர்ந்தது. அவளை நினைத்தால் இப்போது அழுகைதான் வருகிறது, என் கழுத்து இழுத்த இழுப்பு எனக்குத் தெரியுமே.

உங்களுக்கும் பின்னால் ஏதோ எரிந்துகொண்டிருக்கலாம். திரும்பிப் பார்க்கிற வேலையை ஆண்டவரிடம் விடுங்கள், அக்கா. நீங்கள் ஓடுங்கள். அன்றைக்கு என் முதுகைப் பார்த்துத்தான் என் வீட்டுக்காரர் பிழைத்தார்.