லேப் அக்கா முட்டி போட்ட கதை

எங்கள் பள்ளிக்கூடத்து லேப் அக்கா, ஆய்வுக்கு வந்த அதிகாரியின் முன்னால் முட்டி போட்டு, வேலையை விட்டு எடுத்துவிடாதீர்கள் என்று அழுதாளாம். எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் கூடவே முட்டி போட்டார்களாம். தெருமுனை சலூனுக்கு இந்தச் செய்தி வந்து சேர்ந்தபோது அதிகாரியும் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கேட்க நன்றாகத்தான் இருந்தது. முதலில் கிளப்பியது யார் என்று என்னைக் கேட்காதீர்கள். கேட் காவலாளி எனக்கு ஆயிரம் வேலை. நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

என்னைவிடச் சின்னவள்தான். பிள்ளைகள் கூப்பிட்டுக் கூப்பிட்டு எனக்கும் அக்காவாகிவிட்டாள். பத்தாவதோடு படிப்பு நின்றது. பதினோரு வருடமாகக் கண்ணாடிச் சாமான் கழுவுகிறாள். எதையும் அளக்காமல் நகர மாட்டாள். மகளுக்கு இருமல் மருந்து கொடுக்கும்போது கூட, மூடியை மேசையில் வைத்து, குனிந்து, கண்ணுக்கு நேராகப் பார்த்துத்தான் ஊற்றுவாள். "நீ ஊத்தி முடிக்கிறதுக்குள்ள இருமல் தானா நின்னுடும்" என்பான் புருஷன்.

இப்படிப்பட்டவளின் வேலைக்குத்தான் ஆபத்து வந்தது. சாமான் கழுவ ஒரு ஆள் எதற்கு, அதை வாத்தியாரே பார்த்துக்கொள்ளட்டும் என்று மேலிடத்தில் பேச்சு. நேரில் பார்த்து முடிவு எழுத அதிகாரி வந்தார். அவருக்குக் குடிக்கத் தண்ணீர் கொண்டுபோன சாக்கில் நானும் லேப்பிலேயே நின்றுவிட்டேன்.

அன்று கல்லின் கன அளவு பார்க்கும் பாடம். அளவு கோடு போட்ட கண்ணாடி உருளையில் ஐம்பது மில்லி தண்ணீர். நூலில் கட்டிய கல்லை மெதுவாக உள்ளே இறக்க, தண்ணீர் ஏறியது. எவ்வளவு ஏறியதோ அதுதான் கல்லின் அளவு. குட்டை மேசையைச் சுற்றி முட்டி போட்டு உட்கார்ந்திருந்த பிள்ளைகள், தண்ணீர் இப்போது அறுபத்திரண்டில் நிற்கிறது என்றார்கள்.

அதிகாரி நின்றபடியே எட்டிப் பார்த்தார். அறுபத்தைந்து, எல்லாரும் தப்பு என்றார். வாத்தியார் உடனே தலையாட்டினார். இதைச் சரியாகச் சொல்லிக்கொடுக்கத் துப்பில்லை, இதில் ஆள் வேறு என்று அதிகாரி பேனாவைத் திறந்தார்.

கை துடைக்கும் துணியோடு மூலையில் நின்ற அக்கா நேரே வந்தாள். மேசை முன்னால் முட்டி போட்டாள். ஜன்னல் வழியாக மைதானத்திலிருந்து பார்த்தவர்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான்.

"சார், மேலேருந்து பாத்தா கூடத்தான் தெரியும். தண்ணி நடுவுல குழிஞ்சிருக்கு பாருங்க. அந்தக் குழியோட அடிக்கு நேரா கண்ணு வரணும். கொஞ்சம் இறங்கி வாங்க."

போச்சு, இவள் வேலை போச்சு என்று நான் முடிவே கட்டிவிட்டேன். அதிகாரி அவளைப் பார்த்தார். உருளையைப் பார்த்தார். பிறகு பேண்டை முட்டிக்கு மேலே இழுத்துவிட்டுக்கொண்டு, மேசையைப் பிடித்து, தவணை தவணையாக இறங்கினார். ஒரு கண்ணை மூடினார்.

"அறுபத்திரண்டுதான்" என்றார், கொஞ்சம் தாழ்ந்த குரலில்.

பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் மேசை ஆடியது. அவரும் சிரித்தார். இறங்கியவர் ஏற முடியவில்லை. நான் ஒரு பக்கம், வாத்தியார் ஒரு பக்கம் தூக்கி நிறுத்தினோம். சிந்திக் கிடந்த தண்ணீரில் முட்டி இரண்டும் ஈரம். அப்படியே உட்கார்ந்து, இந்த லேப்புக்கு இந்த ஆள் கட்டாயம் வேண்டும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

சலூன் செய்தியைப் புருஷன் வீட்டுக்குக் கொண்டுபோயிருக்கிறான். மறுநாள் காலையில் அக்கா கேட்டில் என் முன்னால் வந்து நின்றாள்.

"அண்ணே, அழுதேன்னு சொன்னது நீங்கதான்னு எனக்குத் தெரியும். நான் எந்த மனுஷன் முன்னாடியும் முட்டி போடல. தண்ணி முன்னாடி போட்டேன். மூணு மில்லி தப்பாப் படிச்சது அவரு."