உப்புநீர்ச் சோதனை

என் கணவர் சொன்னதைக் கேட்டு வாட்ஸ்அப் குழுவிலிருந்த அத்தனை பேரும் கைதட்டினார்கள். தொலைபேசித் திரை முழுக்கக் கைகளும் நெருப்பும் வாயைப் பிளந்த மஞ்சள் முகங்களுமாக நிறைந்தது. நான் குசினியில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தேன். அவருடைய குரல் பதிவை இரண்டாம் தரம் போட்டுக் கேட்டபோது கை தானாக நின்றுவிட்டது.

"நகலை முகத்தில பிடிக்கேலாது," என்று அதில் சொல்லியிருந்தார். "முகம் அச்சுப் பிசகாமல் இருக்கும். சின்னச் சின்ன விசயங்களைப் பாருங்கோ. தேத்தண்ணிக்குச் சீனியைக் குறைக்கும். முந்தி வலப்பக்கம் படுத்தது இப்ப இடப்பக்கம் படுக்கும். நாங்கள் பார்க்காத நேரம் எங்களையே பார்த்துக்கொண்டு நிக்கும்."

நாங்கள் எல்லோரும் பார்க்கிற அந்தத் தொலைக்காட்சித் தொடரில் எவரும் தேநீர் குடிப்பதில்லை. விண்கலத்துக்குள் குழாயால் எதையோ உறிஞ்சுகிற கூட்டம் அது. சீனியைக் குறைத்தவள் நான். மருத்துவர் சொல்லித்தான் குறைத்தேன். தோள் நோவென்று இடப்பக்கம் திரும்பிப் படுத்தவளும் நான்தான்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவர் துறைமுகத்தில் இழுவைப் படகு ஓட்டியவர். நான் கணக்குப் படிப்பித்தவள். இரண்டு பேரும் அடுத்தடுத்து ஓய்வு பெற்றோம். ஓய்வு பெற்ற ஆம்பிளையை வீட்டில் வைத்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முதல் மாதமே குசினி அலுமாரியை அடுக்கித் தருகிறேன் என்று வந்து நிற்பார். அந்தத் தொல்லை தாங்காமல் இருவருமாக உட்கார்ந்து தொலைக்காட்சி பார்க்கத் தொடங்கினோம். அப்படித்தான் அந்த விண்வெளித் தொடரில் விழுந்தோம். தமிழ்க் குரல் போட்டே வந்தது.

கதை இதுதான். ஒரு விண்கலம் தூரத்துக் கிரகமொன்றில் இறங்குகிறது. திரும்பி ஏறியவர்களில் சிலர் உண்மையான ஆட்கள் இல்லை, நகல்கள். அதே முகம், அதே குரல், அதே ஞாபகம். உண்மையான ஆட்களை நகல்கள் எங்கோ ஒளித்து வைத்திருக்கின்றன. நகலுக்கு ஒரேயொரு பலவீனம், உப்புத் தண்ணீர். பட்டால் தோல் நீலமாகிக் கழன்றுவிடும். அது தெரியவந்த எபிசோட் அன்று எங்கள் குழு துள்ளிக் குதித்தது. "திருகோணமலைக்கு மட்டும் வரட்டும், மூண்டு பக்கமும் கடல், ஒண்டும் தப்பாது!" என்று ஒருவர் கத்தினார். "கிண்ணியாப் பாலத்தில மறிச்சு, ஒவ்வொரு ஆளா இறக்கி நனைச்சுத்தான் ஏத்துவம்," என்று இன்னொருவர் சொல்ல, நானும் என் கணவரும் வயிறு நோகச் சிரித்தோம்.

குழுவில் பட்டினத்து ஆட்கள், கிண்ணியா, மூதூர் ஆட்கள், தம்பலகாமத்திலிருந்து ஒரு வயற்காரர் என்று எல்லாரும் இருந்தார்கள். கிண்ணியாவில் தொலைபேசி திருத்தும் கடை வைத்திருக்கிற ஒருவர்தான் அதை நடத்தினார். சனிக்கிழமை விடியப் புது எபிசோட் வரும். மத்தியானம் வரை எவரும் வாய் திறக்கக்கூடாது என்பது சட்டம். மத்தியானமானதும் குரல் பதிவுகள் கொட்டும். அழுகிறவர்கள், கத்துகிறவர்கள், கதை எழுதியவனைத் தூசணத்தால் ஏசுகிறவர்கள் என்று ஒரே அமளி. என் கணவரின் பதிவு வந்தால் மட்டும் எல்லோரும் அடங்கிக் கேட்பார்கள். அடுத்து என்ன நடக்கும் என்று அவர் சொன்னது பலமுறை அப்படியே நடந்திருக்கிறது. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஆகவே அந்தத் தேத்தண்ணிக் கதையைக் கேட்டதும், என்னை வைத்துப் பகிடி விடுகிறார் என்றுதான் முதலில் நினைத்தேன். தேங்காய்ப் பூவோடே போய் விறாந்தையில் நின்று, "என்ன, என்னை நகல் ஆக்கிப் போட்டியளோ?" என்று கேட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. தொலைபேசியைக் கவிழ்த்து மடியில் வைத்தார். "அது உங்களுக்கு எப்பிடித் தெரியும்?" என்றார்.

கலியாணம் முடித்த நாளிலிருந்து என்னை நீர், உம்மட என்றுதான் கதைப்பார். அந்த 'உங்களுக்கு' என்ற புது மரியாதை எனக்குப் பயத்தை உண்டாக்கியது.

மருத்துவரிடம் கூட்டிப் போனேன். பல சோதனைகளுக்குப் பிறகு அவர் என்னைத் தனியே இருத்திச் சொன்னார். மூளையில் தேய்வு தொடங்கியிருக்கிறது. முகத்தை அடையாளம் காண முடிகிறது, ஆனால் இது என்னுடைய ஆள் என்ற உணர்வு அதனோடு சேர்ந்து வருவதில்லை. அதனால் யாரோ வேடம் போட்டு வந்திருப்பதாக மூளை முடிவு கட்டிவிடுகிறது. "மிக நெருங்கின ஆளைத்தான் இப்பிடி நினைப்பினம், டீச்சர். வாதாடாதேங்கோ," என்றார். மற்ற எல்லோரையும் என் கணவருக்குத் தெரிந்தது. பால் கொண்டுவருகிறவரைத் தெரிந்தது. மருத்துவரைத் தெரிந்தது. என்னை மட்டும்தான் தெரியாமல் போனது. எனக்கு அழுகையைவிடக் கோபம்தான் முந்திக்கொண்டு வந்தது.

தொடரை நிறுத்திப் பார்த்தேன். தொலைக்காட்சி பழுது என்றேன். அன்று மாலையே குழுவில் அவர் குரல் ரகசியமாகக் கேட்டது. "நகல்தான் எங்களைத் தொடர் பாக்க விடாது. யோசிச்சுப் பாருங்கோ, அதுக்குத்தான் பயம்." உடனே கைதட்டல். "மாஷா அல்லாஹ், என்ன மூளை அங்கிள் உங்களுக்கு!" நான் எழுந்து தொலைக்காட்சியைத் திரும்பப் போட்டுவிட்டேன்.

அடுத்த சனிக்கிழமை எபிசோடில் விண்கலத் தலைவன் தன் தம்பியின் கையை உப்புத் தண்ணீரில் அமுக்கினான். ஒன்றும் நடக்கவில்லை. மத்தியானம் குழு இரண்டாகப் பிரிந்து மோதிக்கொண்டது. தம்பி நல்லவன் என்றது ஒரு பக்கம். கை மட்டும் காணாது, உடம்பு முழுக்க நனையவேணும் என்றது மற்றப் பக்கம். சண்டைக்கு நடுவே என் கணவர் கேட்டார்: "அப்ப தலையையும் அமுக்கவேணும், என்ன? எவ்வளவு நேரம்?"

பதில்கள் வந்து விழுந்தன. மூச்சு முட்டும்வரை என்றார் ஒருவர். உதறுவது நிற்கும்வரை என்றார் இன்னொருவர். விட்டுவிடும்படி நகல் கெஞ்சும், இரங்கவே கூடாது என்று ஒரு பெண்பிள்ளை சிரித்துச் சிரித்துச் சொன்னாள். எல்லோரும் நல்ல பிள்ளைகள். வழியில் கண்டால் என் கையிலிருக்கும் பையை வாங்கிக்கொண்டு வருகிறவர்கள்.

நான் பொறுக்க முடியாமல் குழுவில் குரல் பதிவு போட்டேன். "அவருக்குச் சுகமில்லை. அவர் கதைக்கிறது தொடரைப் பற்றி இல்லை, என்னைப் பற்றி. தயவு செய்து நிப்பாட்டுங்கோ."

சிரிப்புப் படங்கள் வரிசையாக வந்தன. "டீச்சர் வேற லெவல்!" என்றது ஒன்று. "நகல் குழுவுக்குள்ளேயும் வந்திட்டுது, ஓடுங்கோ!" என்றது மற்றது. என் குரல் நடுங்கியதைத்தான் மிகவும் பாராட்டினார்கள். நடிப்பென்றால் இப்படி இருக்கவேண்டுமாம்.

கிண்ணியாக்காரருக்குத் தொலைபேசி எடுத்து விபரத்தைச் சொன்னேன். "யா அல்லாஹ். நாங்க விளையாட்டெண்டு நினைச்சிட்டம், டீச்சர்," என்றார். "அங்கிளைக் குழுவிலயிருந்து எடுத்து விடட்டா?"

"வேண்டாம். என்னோட இப்ப அவர் கதைக்கிறதில்லை. அங்கதான் கதைக்கிறார். அதையும் மூடினா அவருக்கு ஆர் இருக்கினம்?"

அன்றைக்கே கிண்ணியாக்காரர் குழுவிலிருந்த மற்றவர்களுக்குத் தனித்தனியே சொல்லி அடக்கினார். ஆனால் சொல்ல வேண்டியதையெல்லாம் அவர்கள் ஏற்கெனவே சொல்லி முடித்திருந்தார்கள்.

இரண்டு நாள் கழித்து மாலையில் என் கணவர் சட்டை மாற்றிக்கொண்டு வந்து நின்றார். "உப்புவெளிப் பக்கம் போய்க் கடல் குளிப்பமோ?" என்று அன்பாகக் கேட்டார். மறுத்தால் அது அவருக்குச் சாட்சியாகிவிடும். ஆளில்லாத இடத்தில், ஆளில்லாத நேரத்தில் அவர் வேறு விதமாகச் செய்து பார்க்கக்கூடும். உப்புவெளிக் கரையில் இந்த நேரத்தில் சனம் இருக்கும். குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு கிண்ணியாக்காரருக்குச் சொன்னேன். தன் மைத்துனரோடு வந்து தள்ளி நிற்பதாகச் சொன்னார். பிறகு முச்சக்கரவண்டியில் அவர் பக்கத்தில் ஏறி இருந்தேன். வழி முழுக்க அவர் என் கையைப் பிடித்திருந்தார். பிடித்தது அன்பிலா, ஓடிவிடுவேன் என்றா, எனக்குத் தெரியவில்லை.

கடல் அமைதியாகக் கிடந்தது. வெள்ளைக்காரர் சிலர் தூரத்தில் பந்து எறிந்து விளையாடினார்கள். இடுப்பளவு தண்ணீரில் என் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு பிடரியில் கை வைத்தார். அந்தக் கையின் பலம் எனக்குத் தெரியும். கப்பல் கட்டுகிற கயிறு பிடித்த கை.

"முழுகுங்கோ," என்றார்.

முழுகினேன். கை விலகவில்லை. கண்ணைத் திறந்தேன், பச்சையாக வெளிச்சம் தெரிந்தது. கெஞ்சக்கூடாது, உதறக்கூடாது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அந்தப் பெண்பிள்ளையின் சிரிப்புத்தான் காதுக்குள் கேட்டது. நெஞ்சு வெடிக்கும்போல் வந்தபோது இந்த மனிதனின் கையால்தான் போகப்போகிறேன் என்று நினைத்தேன். பயத்தைவிட வெட்கமாக இருந்தது.

அவரே தூக்கினார். கிண்ணியாக்காரர் உடுத்த உடுப்போடு எங்களை நோக்கிப் பாதித் தூரம் ஓடி வந்துவிட்டார். என் கணவர் அவரைக் கவனிக்கவில்லை. என் முகத்தைத் துடைத்தார், காதுக்குப் பின்னால் பார்த்தார், கழுத்தைப் பார்த்தார். பிறகு என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். "நீர்தான். நீரேதான்," என்றார்.

அந்தக் கிழமை நான் சந்தோசமாக இருந்தேன். சொல்ல வெட்கமில்லை. என்னை அமுக்கிய மனிதரோடு சந்தோசமாக இருந்தேன். பழையபடி இஞ்சேரும் என்று கூப்பிட்டார். சீனி காணாது என்று சண்டை பிடித்தார். என் தோளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டார். மருத்துவர் இது நிலைக்காது என்று எச்சரித்தார்தான். நிலைக்காவிட்டால் போகட்டும், கிடைத்தவரை போதும் என்று இருந்தேன்.

சனிக்கிழமை காலை ஒழுங்கை முனையில் மீன் வாங்கிக்கொண்டு நின்றேன். கிண்ணியாக்காரர் எடுத்தார். மூச்சு வாங்கியது அவருக்கு.

"டீச்சர், இண்டைக்கு எபிசோட்டை அங்கிள் பாக்க விடாதீங்க."

"ஏன்? என்ன நடந்தது?"

"நகலெல்லாம் உப்புத் தண்ணிக்குப் பழகிட்டுது. கடலுக்குள்ள முழுகி எழும்பிச் சிரிக்கிது, டீச்சர். இனி அந்தச் சோதனை செல்லாது."

மீனைப் போட்டுவிட்டு நடந்தேன். பிறகு ஓடினேன். என் வயதில் ஓடக்கூடாத மாதிரி ஓடினேன். கையிலிருந்த தொலைபேசி அதற்குள் துடிக்கத் தொடங்கிவிட்டது. மத்தியானம் வரை பொறுக்க முடியாத அளவுக்கு அந்த எபிசோட் அவர்களைப் பிடித்து ஆட்டியிருக்கவேண்டும், சட்டமும் கிண்ணியாக்காரர் சொல்லி வைத்ததும் காற்றோடு போய்விட்டன. ஒன்றைத் திறந்தேன். ஆனந்தக் கூச்சல். "இனி ஒருத்தரையும் நம்பேலாது! வீட்டில இருக்கிறவையையும் நம்பேலாது!" ஒரு காலத்தில் நானும் இப்படித்தான் கத்தியிருக்கிறேன்.

வீட்டில் தொலைக்காட்சி அணைந்திருந்தது. அவர் தலை வாரி, வெளியாட்கள் வந்தால் போடுகிற சட்டையைப் போட்டுக்கொண்டு கதிரையில் இருந்தார். நான் உள்ளே வந்ததும் எழுந்து போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டார். மற்றக் கதிரையை இழுத்து எனக்கு முன்னால் வைத்தார்.

"இருங்கோ," என்றார்.

இருந்தேன்.

"உங்களோட எனக்குக் கோவம் இல்லை. நீங்கள் என்னை நல்லாத்தான் பாக்கிறீங்கள். ஒண்டை மட்டும் உண்மையாச் சொல்லுங்கோ." அவருடைய கைகள் நடுங்கின. "என்ர மனிசி உயிரோட இருக்கிறாவோ?"

நான்தான் என்ற சொல் வாய்வரை வந்தது. அதை எத்தனையோ தரம் சொல்லி முடித்தாயிற்று. அது அவரை இன்னும் பயப்படுத்தியதே தவிர வேறொன்றும் செய்ததில்லை. அந்தக் கைகள் எனக்காகத்தான் நடுங்கின என்பது எனக்குத் தெரிந்தது.

"ஓம், இருக்கிறா," என்றேன்.

அவர் கண்ணை மூடிக்கொண்டு நீளமாக மூச்சு விட்டார்.

"நான் தேடிக்கொண்டிருக்கிறன் எண்டு அவவிட்டைச் சொல்லுவீங்களோ?"

"சொல்லுறன்," என்றேன்.