பளிங்குத் தலையில் இரண்டு சுழி

என் தலையில் இரண்டு சுழி. இதைச் சொல்ல இப்போது எனக்கு வெட்கமில்லை. எட்டு வயதில் இருந்தது. இரட்டைச் சுழிக்காரிக்கு இரண்டு கல்யாணம் என்று எங்கள் ஊர் எலப்புள்ளியில் சொல்லாத வாய் கிடையாது. அதனால் அம்மா தினமும் எண்ணெய் வைத்து, உச்சியை மூடி இறுக்கிப் பின்னிவிடுவாள்.

அப்பா இறந்த மறுவருடம், அவர் இடம் கொடுத்துக் கட்டிய வாசகசாலையில் அவருக்கு மார்பளவுப் பளிங்குச் சிலை வைக்க முடிவானது. வெளியூர்ச் சிற்பி ஒருவர் பின்புறம் கொட்டகை போட்டு வேலை செய்தார். பள்ளி விட்டதும் அங்கேதான் ஓடுவேன். சிரிப்பு வரப்போகும்போது அப்பாவின் உதட்டோரத்தில் விழும் குழியைக்கூட அந்த உளி கண்டுபிடித்திருந்தது. காது மடலில் வெயில் ஊடுருவி ஒளிர்ந்தது. உயிர் இருக்கிறதோ என்று தொட்டுப் பார்த்தேன். ஜில்லென்று இருந்தது.

பின்தலையில் வேலை நின்றது. இருந்த புகைப்படங்கள் எல்லாம் முன்பக்கம். வாசகசாலைத் தலைவரான பெரியப்பாவுக்கு அதில் கவலையே இல்லை.

"செவுத்தோரமா வெக்கற செலைதானுங்க. பொறகால எவன் பாக்கப் போறான்? மொழுமொழுன்னு உட்டுருங்க."

திறப்பு விழா முடியும்வரை தாலி இழந்தவள் அந்தப் பக்கம் வரக்கூடாது என்று அவர் அம்மாவுக்கு உத்தரவு போட்டிருந்தார். அம்மா வந்தாள்.

"அவருக்கு ரெட்டைச் சுழிங்க. அதையுஞ் செதுக்குங்க" என்றாள் சிற்பியிடம்.

பெரியப்பா குதித்தார். "ஊரே சிரிக்கும்! எந்தம்பிக்கு ரெண்டு கல்யாணமான்னு கேப்பாங்க."

"கேக்கட்டுங்க. ஒண்ணுதானுங்க பண்ணுனாரு. நாந்தான் இங்கியே நிக்கறனே."

என்னை முக்காலியில் உட்காரவைத்து, அத்தனை பேர் முன்னால் பின்னலை அவிழ்த்தாள். "இந்தாங்க, அதே தலை. பாத்துச் செதுக்குங்க."

மானம் போயிற்று. மூன்று நாள் அசையாமல் உட்கார்ந்து அழுதேன். சிற்பி என் முடி திரும்பும் திசையை விரலால் தடவிப் பார்த்துவிட்டு உளியை எடுப்பார். ஒன்று வலமாகவும் ஒன்று இடமாகவும் கல்லில் இரண்டு சுழிகள் இழை இழையாக எழுந்தன. வேலை முடிந்ததும், இந்தத் தலையைச் சுவருக்குக் காட்ட முடியாது என்று அவரே சொல்லிவிட்டார். சிலை கூடத்தின் நடுவில் நின்றது.

திறப்பு விழாவன்று காலை அம்மா என் உச்சியை மூடவில்லை. இரண்டு சுழியும் தெரிய வாரி, குதிரைவால் கட்டினாள். மூடச் சொல்லிக் காலை உதைத்து அழுதேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு போய் முதல் வரிசையில் உட்கார்ந்தாள்.

அவ்வளவு சண்டையும் அப்பாவின் தலைக்காக என்றே நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.